வழக்கு முடிந்தது என்கிறது இணையதளம், வாய்தா என்கிறார் வக்கீல்: எதை நம்புவது?

கேள்வி: ஷிப்மென்ட்காரி, திருப்பூர்

பனியன் கம்பெனி ஒன்றில் ஏற்றுமதி ஆவணங்கள் பார்க்கும் வேலை எனக்கு. தூத்துக்குடியில் கப்பலேறிய கண்டெய்னர் இன்றைக்கு எந்தக் கடலில் இருக்கிறது, எந்தத் துறைமுகத்தில் என்றைக்கு இறங்கும் என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். அம்மாவின் வழக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் விழிக்கிறேன்.

பாகப்பிரிவினை வழக்கு. அம்மா வாதி, அவருடைய அண்ணனும் தம்பியும், அதாவது என் இரண்டு மாமாக்கள், பிரதிவாதிகள். டெல்டாவில் நான்கரை ஏக்கர் நன்செய், தாத்தாவுக்கு அவருடைய அப்பா வழியில் வந்த பூர்வீகம். தாத்தா 2001-இல் உயில் எதுவும் எழுதாமல் இறந்தார். பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். "பொம்பளைப் பிள்ளைக்கு 1978-லேயே சீர் செய்து அனுப்பியாயிற்று, இனி என்ன பங்கு" என்று மாமாக்கள் கையை விரித்த பிறகு, 2012-இல் அம்மா சார்பு நீதிமன்றத்துக்குப் போனார்.

வழக்கு போட்ட பெரிய வக்கீல் கொரோனா காலத்தில் காலமாகிவிட்டார். அவரிடம் ஜூனியராக இருந்தவர்தான் இப்போது பார்க்கிறார். எப்போது தொலைபேசியில் கேட்டாலும் ஒரே பதில்: "வாய்தா போட்டிருக்கிறது, அடுத்த மாதம் பார்ப்போம்." அம்மாவுக்கு 67 வயது. பஸ் ஏறிப் போய் நீதிமன்ற வராந்தாவில் காலை முழுவதும் உட்கார்ந்துவிட்டு, அதே பதிலை வாங்கிக்கொண்டு வருவார்.

சென்ற வாரம், நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் நானே தேடினேன். வழக்கு எண் கையில் இல்லை. கட்சிக்காரர் பெயரை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது. அம்மா பெயரில் ஒரு 'ழ' இருப்பதால் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதிப் பார்த்தேன். கடைசியில் பெரிய மாமாவின் பெயரைப் போட்டதும் வந்துவிட்டது. வந்ததைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. வழக்கு நிலை: முடிந்தது. முடிந்த ஆண்டு 2017! தீர்ப்பைத் திறந்து பார்க்க இணைப்பு எதுவும் இல்லை.

உடனே ஜூனியரை அழைத்தேன். "அதெல்லாம் அப்படித்தான் காட்டும், வழக்கு நடக்கிறது, அடுத்த மாதம் வாய்தா" என்றார். இத்தனை ஆண்டுகளாக முடிந்துபோன வழக்குக்கா என் அம்மா பஸ் ஏறிக்கொண்டிருக்கிறார்? அவ்வப்போது கொடுத்த பணம் எதற்கு? தளம் பொய் சொல்கிறதா, வக்கீல் பொய் சொல்கிறாரா? பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாமா? தீர்ப்பை வீட்டிலிருந்தே எடுக்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.


பதில்: வெட்டொன்று

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அரசாங்கத்தின் தளமே முடிந்தது என்கிறது. வக்கீல் உங்களை ஏமாற்றுகிறார். வகாலத்தைத் திரும்ப வாங்குங்கள், பார் கவுன்சிலுக்கு எழுதுங்கள், காவல் நிலையத்திலும் ஒரு மனு போடுங்கள். என் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் நடந்தது.


பதில்: பழைய சிரஸ்தார், கும்பகோணம்

அம்மா, மேலே உள்ள தம்பி சொன்னபடி எதையும் செய்துவிடாதீர்கள். பார் கவுன்சில் எங்கும் ஓடிவிடாது, அடுத்த மாதமும் அங்கேயேதான் இருக்கும்.

நான் நீதிமன்ற ஊழியனாக இருந்து ஓய்வு பெற்றவன். 'ஏ' டைரியில் மையால் வாய்தா எழுதிய காலத்தையும் பார்த்தேன், அதையே கணினியில் ஏற்றிய காலத்தையும் பார்த்தேன். நீங்கள் திரையில் பார்ப்பது நீதிபதி எழுதியது அன்று. அவர் பிறப்பித்த உத்தரவை வைத்து என்னைப் போன்ற ஒரு குமாஸ்தா, தேசியத் தகவலியல் மையம் செய்து கொடுத்த மென்பொருளில், தயாராக இருக்கும் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதிந்தது. நாற்பது பக்கத் தீர்ப்பாக இருந்தாலும் அந்தக் கட்டத்தில் ஒரு சொல்தான் அடங்கும். அவர் கைதவறிப் பதிந்திருந்தால் அதுவும் அப்படியே உங்கள் கைப்பேசிக்கு வந்து சேரும். தளத்திலேயே, இது தகவலுக்கு மட்டும், சட்டச் சான்றாகக் கொள்ள முடியாது என்று போட்டிருப்பார்கள். யாரும் படிப்பதில்லை.

வழக்கு நடந்துகொண்டே இருந்தாலும் 'முடிந்தது' என்று காட்ட மூன்று காரணங்கள் இருக்கலாம்.

வழக்கு வேறு நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம். ஊரில் கூடுதல் சார்பு நீதிமன்றம் திறந்தால் பழைய நீதிமன்றத்திலிருந்து வழக்குக் கட்டுகளைப் பிரித்து அனுப்புவார்கள். அனுப்பிய இடத்துக் கணக்கில் அது கழிந்துவிடும், போன இடத்தில் புது எண்ணோடு உட்கார்ந்திருக்கும். நீங்கள் பார்த்தது பழைய கணக்காக இருக்கலாம்.

இரண்டாவதை நினைத்தால்தான் எனக்குக் கவலை. வாதி வராததால் தள்ளுபடி. பிரதிவாதி வந்து நின்று, வாதி தரப்பில் யாரும் இல்லாவிட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் கட்டளை, 8-ஆம் விதிப்படி வழக்கைத் தள்ளிவிடலாம். அதை மறுபடி கோப்புக்கு எடுக்க 30 நாளுக்குள் மனு போட வேண்டும். நாள் கடந்திருந்தால் காலதாமதத்தை மன்னிக்கக் கோரி காலவரையறைச் சட்டம் 5-ஆம் பிரிவின் கீழ் தனி மனு. 2017-இல் தள்ளுபடியாகியிருந்தால், இத்தனை ஆண்டுத் தாமதத்துக்கு நீதிபதியிடம் காரணம் சொல்லி மாளாது.

மூன்றாவது. உங்களுடையது பாகப்பிரிவினை வழக்கு என்பதால் நான் இதன்மேல்தான் பந்தயம் கட்டுவேன். இந்த வகை வழக்கில் இரண்டு தீர்ப்பாணைகள் வரும். யார் யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்வது முதல்நிலைத் தீர்ப்பாணை. எந்தப் பங்கு எந்த வரப்பிலிருந்து எந்த வரப்பு வரை என்று அளந்து பிரித்துக் கொடுப்பது இறுதித் தீர்ப்பாணை. முதலாவது வந்தவுடனேயே எங்கள் கணக்கில் அசல் வழக்கு 'முடிந்தது' பக்கம் போய்விடும். அதன் பிறகு வக்கீல் இறுதித் தீர்ப்பாணை கேட்டு ஓர் இடைக்கால மனு போடுவார், நாங்கள் ஐ.ஏ. என்போம். அந்த மனுவுக்குத்தான் நிலத்தைப் பார்த்துப் பிரித்துக் காட்ட நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர், சர்வேயர், ஆட்சேபணை என்று வாய்தா மேல் வாய்தா ஓடும். சாமானியர் பார்வையில் அது அதே வழக்கு. கணினியின் பார்வையில் வழக்கு முடிந்து ஒரு மனு நிலுவையில் இருக்கிறது.

மூன்றில் எது என்பதை அந்தப் பக்கத்திலேயே கண்டுபிடிக்கலாம். 'வழக்கு நிலை'க்குப் பக்கத்தில் முடிவின் தன்மை என்று ஒரு வரி ஆங்கிலத்தில் இருக்கும். 'டிரான்ஸ்ஃபர்' என்று தொடங்கினால் முதல் வகை. 'டிஸ்மிஸ்டு ஃபார் டிஃபால்ட்' என்றிருந்தால் இரண்டாவது வகை, இன்றைக்கே எனக்கு எழுதுங்கள். 'கன்டெஸ்டட்' என்று தொடங்கி 'டிக்ரி', அதாவது தீர்ப்பாணை, என்று முடிந்தால் மூன்றாவது வகை, நிம்மதியாகத் தூங்குங்கள். பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனால் இடைக்கால மனுக்களுக்கென்று ஓர் அட்டவணை வரும். அதில் நிலுவையில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சி.என்.ஆர். என்று 16 எழுத்தும் இலக்கமுமாக ஓர் எண் இருக்கும். முதல் நான்கு எழுத்து மாநிலத்தையும் மாவட்டத்தையும் குறிக்கும், கடைசி நான்கு இலக்கம் ஆண்டு. அதைக் குறித்து வைத்துக்கொண்டால் 'ழ'வோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் இங்கே பொதுவில் போட்டுவிடாதீர்கள். அந்த எண் போதும், உங்கள் குடும்பச் சண்டை முழுவதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

தீர்ப்பு இணைப்பு இல்லாதது பற்றிக் கவலைப்பட வேண்டாம், பழைய தீர்ப்புகள் பலவற்றை ஏற்றவே இல்லை. உங்கள் தாயார் வழக்கில் கட்சிக்காரர். நகல் பிரிவில் நகல் மனு போட்டால் சான்றிட்ட நகல் கொடுத்தே ஆகவேண்டும். வக்கீல் மூலமும் போடலாம், நேரிலும் போடலாம். தீர்ப்பு, தீர்ப்பாணை என்று இரண்டையும் கேளுங்கள். பலர் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டு மறுபடி வருவார்கள்.


ஷிப்மென்ட்காரி

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்ன வரி இருக்கிறது: 'கன்டெஸ்டட்', அப்புறம் 'டிக்ரி'. கீழே அட்டவணையில் 2018-ஆம் ஆண்டு மனு ஒன்று நிலுவை என்று காட்டுகிறது. முன்பே பார்த்த பக்கம்தான், இவ்வளவு கீழே வரை ஒருவர் தள்ளிப் பார்ப்பார் என்று யார் நினைத்தார்கள்?

ஆக வக்கீல் பொய் சொல்லவில்லை, சரி. ஆனால் "உங்கள் அம்மாவுக்குப் பங்கு உண்டு என்று 2017-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது, இப்போது பிரித்துக் கொடுக்கும் கட்டம் நடக்கிறது" என்று ஒரு வாக்கியம் சொல்ல அவருக்கு எத்தனை நிமிடம் ஆகும்? ஜெயித்திருக்கிறோம் என்பதே தெரியாமல் என் அம்மா அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கோபம் தணியவில்லை.

நகல் மனு போட அம்மாவும் என் தம்பியும் திங்கட்கிழமை போகிறார்கள்.


பதில்: நூலகப் பூனை

சட்டம் படித்தவன் இல்லை, நூலகத்தில் வேலை. ஆனால் சட்டத் தகவலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் முயற்சிகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். கேள்வி கேட்டவருக்கு நேரடி உதவியாக இருக்காது; ஏன் இப்படி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1992-இல் இதற்கென ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 1995-இல் ஆஸ்திரேலியா, பிறகு பிரிட்டன், கனடா. நாட்டின் சட்டமும் தீர்ப்பும் குடிமக்களின் சொத்து, அதைப் படிக்கக் காசு கேட்கக்கூடாது என்பதுதான் எல்லோருக்கும் பொதுவான வாதம். நம் நாட்டில் அந்த வேலையைச் சாதாரண மக்களிடம் கொண்டு சேர்த்ததில் முக்கியமானது அரசுத் தளம் அன்று. சுஷாந்த் சின்ஹா என்ற பொறியாளர் 2008-இல் தொடங்கிய 'இந்தியன் கானூன்' தளம்தான். தீர்ப்பின் மூல வாசகத்துக்குப் பதிப்பகங்கள் உரிமை கொண்டாட முடியாது என்பதை அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2007 டிசம்பரில், உச்சநீதிமன்றம் தெளிவாக்கியிருந்தது. உச்சநீதிமன்றம் தன்னுடைய அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுதிகளையே 'இ-எஸ்.சி.ஆர்.' என்ற பெயரில் இலவசமாகத் திறந்துவிட்டது 2023 ஜனவரியில்.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். 2019 ஜூலையில் உச்சநீதிமன்றத் தீர்ப்புகளை மாநில மொழிகளில் வெளியிடப் போகிறோம் என்றபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை. இங்கிருந்து எதிர்ப்புக் கிளம்பிய பிறகே சேர்த்தார்கள். இப்போது தமிழாக்கங்கள் வருகின்றன. இயந்திரம் பெயர்த்து மனிதர் திருத்தியவை என்பதால் சில இடங்களில் மூன்று முறை படித்தாலும் பொருள் விளங்காது. இருந்தாலும் இல்லாததற்கு இருப்பது மேல்.

கீழமை நீதிமன்றங்களின் நிலை வேறு. அங்கே தீர்ப்பு தமிழிலேயே வருவதுண்டு, ஆனால் இணையத்தில் ஏறும்போது பல சமயம் வெறும் ஸ்கேன் படம். அல்லது ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய எழுத்துருவில் தட்டியது. தமிழ்நாட்டு அரசு 2010-இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டும் அந்தப் பழைய எழுத்துருக்கள் அரசு மேசைகளை விட்டுப் போகவில்லை. தமிழில் ஒரு சொல்லைப் போட்டுத் தேடினால் அந்தக் கோப்பு அகப்படாது. இருக்கிறது, ஆனால் தேடினால் இல்லை.

இன்னொன்று. சி.என்.ஆர். எண்ணைப் பொதுவில் போடாதீர்கள் என்று சிரஸ்தார் ஐயா சொன்ன எச்சரிக்கை சாதாரணமானதன்று. குற்ற வழக்கில் விடுதலையான ஒருவர், தீர்ப்பில் உள்ள தன் பெயர் இணையத் தேடலில் வருவதால் வாழ்க்கையே பாழாகிறது என்று வழக்குப் போட்டார். பெயரை மறைத்துத் தீர்ப்பை நீக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த உத்தரவை உச்சநீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் நிறுத்தி வைத்தது. எல்லாவற்றையும் திறந்துவிடு என்று கத்திக்கொண்டிருந்த எனக்கே இந்த வழக்கைப் படித்த பிறகு வேகம் கொஞ்சம் குறைந்தது.


பதில்: கறுப்பு அங்கி, மதுரை

நான் வழக்கறிஞர், உரிமையியல் பக்கம். ஷிப்மென்ட்காரி, உங்கள் முதல் பதிவில் இருந்த சில தேதிகளைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நகல் கைக்கு வந்ததும் தீர்ப்பாணையின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். அம்மாவுக்கு எத்தனை பங்கு என்று இருக்கிறது? 'ஒன்பதில் ஒன்று' என்று இருக்குமானால் உடனே சொல்லுங்கள்.

ஏன் ஒன்பது என்று சொல்கிறேன். பூர்வீகச் சொத்து, தாத்தா இறந்தது 2001. அப்போதிருந்த சட்டப்படி அவர் இறக்கும் நொடியில் சொத்தை அவரும் இரண்டு மகன்களும் மூன்றாகப் பிரித்துக்கொண்டதாகக் கற்பனை செய்ய வேண்டும். தாத்தாவின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரித்தால், மகளுக்கு ஒன்பதில் ஒன்று. தமிழ்நாடு 1989-இலேயே மகளுக்குச் சமபங்கு கொடுத்தது, ஆனால் 25-3-1989-க்கு முன் திருமணமானவர்களுக்கு இல்லை. உங்கள் அம்மாவுக்கு 1978-இல் ஆகிவிட்டது. 2005-இல் மத்திய அரசின் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது திருமணத் தடை நீங்கியது. ஆனால் 2015-இல் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 9-9-2005 அன்று தகப்பனும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. உங்கள் தீர்ப்பு 2017. ஆகவே அதைப் பின்பற்றி ஒன்பதில் ஒன்று கொடுத்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

2020 ஆகஸ்ட் 11 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு 'வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா' வழக்கில் அதை மாற்றிவிட்டது. மகளுக்கு உரிமை பிறப்பால் வருகிறது, 2005-இல் தகப்பன் உயிரோடு இருந்தாரா என்பது கேள்வியே இல்லை. உங்களுக்கு வேண்டியது 129-ஆவது பத்தி: முதல்நிலைத் தீர்ப்பாணை வந்திருந்தாலும், இறுதித் தீர்ப்பாணை நிலுவையில் இருக்கும் வரை மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு கொடுக்க வேண்டும். 'கண்டூரி கோடேஸ்வரம்மா' என்ற 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இதே வழியில் போகிறது. இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் கணக்கில் இது ஒன்பதில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம். நான்கரை ஏக்கரில் அரை ஏக்கரா, ஒன்றரை ஏக்கரா என்ற கேள்வி.

மாமாக்கள், 2005 திருத்தம் வரம்பாகக் குறித்த 20-12-2004-க்கு முன்பே பதிவுப் பத்திரம் போட்டுப் பிரித்திருந்தால் மட்டும் கதை வேறு. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்று சொன்னால் அது எளிதில் எடுபடாது.

இரண்டு எச்சரிக்கைகள். இந்த வழக்கு விவரங்களை எந்தச் செயற்கை நுண்ணறிவு உரையாடலிலும் போட்டுத் தீர்ப்புத் தேடாதீர்கள். தேடினாலும் மூலத்தைத் திறந்து பார்க்காமல் யாரிடமும் நீட்டாதீர்கள். நியூயார்க்கில் 2023-இல் இரண்டு வக்கீல்கள் அப்படிக் கிடைத்த, பூமியிலேயே இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். கட்சிக்காரர் கொண்டுவரும் இல்லாத தீர்ப்பைத் தேடி நானும் ஒரு மாலையை இழந்திருக்கிறேன்.

மற்றது பணம் பற்றி. இன்னொரு கருத்துக் கேட்கச் செலவழிக்க முடியாவிட்டால் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். இலவசச் சட்ட உதவிக்கான 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை; உங்கள் அம்மா தகுதியானவர். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.


ஷிப்மென்ட்காரி

நகல் வந்துவிட்டது. தீர்ப்பு தமிழில்தான் இருக்கிறது. தம்பி படம் எடுத்து அனுப்பினான், நான் தொலைபேசியில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சீர் செய்ததெல்லாம் பங்கு கொடுத்ததாகாது என்று நீதிபதி எழுதியிருந்த பத்தியை மறுபடி வாசிக்கச் சொன்னார்.

வக்கீல் அம்மா, உங்கள் வாக்கில் சர்க்கரைதான் போட வேண்டும். ஒன்பதில் ஒன்று!

2020 தீர்ப்பைத் திறந்தேன். நூறு பக்கத்துக்கு மேல், ஆங்கிலம். நீங்கள் எண் சொல்லாவிட்டால் அந்தப் பத்தியைக் கண்டே பிடித்திருக்க மாட்டேன். இலவசமாகக் கிடைப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு என்று தோன்றியது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து ஜூனியருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. மறுநாள் அழைத்து, "இதை நானே போடுவதாக இருந்தேன்" என்றார். 2020-இலிருந்தா என்று கேட்க வாய் வரை வந்தது. அம்மாவின் வழக்குக் கட்டு அவரிடம் இருக்கிறது, ஆகவே விழுங்கிவிட்டேன். பங்கைத் திருத்தக் கோரி அடுத்த வாய்தாவுக்குள் மனு போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

சிரஸ்தார் ஐயா, ஒரு சந்தேகம். 2018-இல் போட்ட மனு இத்தனை ஆண்டுகள் கிடப்பது இயல்புதானா?


பதில்: பழைய சிரஸ்தார், கும்பகோணம்

இயல்புதான் அம்மா, நியாயம் அன்று. முதல்நிலைத் தீர்ப்பாணை கொடுத்த கையோடு, யாரும் தனியாக மனுப் போடக் காத்திராமல், நீதிமன்றமே அடுத்த கட்டத்துக்கு வழக்கைப் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2022 ஜூனில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், சொல்லியிருக்கிறது. ஜூனியரிடம் அதையும் காதில் போட்டு வையுங்கள். உங்கள் மனுவில் ஆணையர் நியமனம் ஆகிவிட்டதா என்று கேளுங்கள். ஆகவில்லை என்றால் நிலம் இன்னும் அளக்கவே படவில்லை என்று பொருள்.

ஆணையர் வருவதற்கு முன் வீட்டிலிருந்தே செய்துகொள்ளக்கூடியது சில உண்டு. தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளத்தில் பட்டாவும் 'அ' பதிவேடும் புலப்படமும் எடுக்கலாம். சர்வே எண்கள் தீர்ப்பாணையின் சொத்து விவரத்தில் இருக்கும்; வழக்கு நடந்த காலத்தில் உட்பிரிவு ஆகியிருந்தால் எண்ணுக்குப் பின்னால் கோடு போட்டுப் புது இலக்கம் சேர்ந்திருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு பதிவுத்துறைத் தளத்தில் அதே சர்வே எண்களுக்கு 2012 முதல் இன்றுவரை வில்லங்கம் பாருங்கள். பார்க்கக் கட்டணம் கிடையாது. மாமாக்கள் சும்மா இருந்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.


ஷிப்மென்ட்காரி

சும்மா இருக்கவில்லை. 2015-இல் சின்ன மாமா வாய்க்காலை ஒட்டிய அறுபது சென்டை வெளியாள் ஒருவருக்குக் கிரயம் செய்து கொடுத்திருக்கிறார். எங்கள் யாருக்கும் தெரியாது. நிலத்தில் தண்ணீர் முதலில் பாயும் இடம் அதுதான். இப்போது என்ன செய்வது?


பதில்: கறுப்பு அங்கி, மதுரை

பதற வேண்டாம். வழக்கு நிலுவையில் இருக்கும்போது நடந்த கிரயம்; சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும். கிரயத்தை ரத்து செய்யத் தனி வழக்குப் போட வேண்டிய அவசியம் பொதுவாக இருக்காது. வாங்கியவர் பெயரை இறுதித் தீர்ப்பாணை மனுவில் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் அந்த அறுபது சென்டைச் சின்ன மாமாவின் பங்கில் ஒதுக்கும்படி கேட்பார். பிறர் பங்குக்குக் கேடில்லாத வரையில் நீதிமன்றங்கள் அப்படி ஒதுக்குவதுண்டு. வாய்க்கால் பக்கம் அம்மாவுக்கும் வேண்டுமானால், அதை ஆணையரிடம் இப்போதே எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர் அறிக்கை தாக்கலான பிறகு ஆட்சேபணை போட்டு மாற்றுவது கடினம். கிரயப் பத்திரத்தின் ஆவண எண்ணும் ஆண்டும் வில்லங்கத்தில் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அதற்குச் சான்றிட்ட நகல் கேட்டு மனு செய்துவிடுங்கள், திரையில் பார்த்ததை நீதிபதியிடம் காட்ட முடியாது.